சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி ரிப்போர்ட் எதுவரை உதவும்

ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டவோ புது பேட்டரி மாட்டவோ லேப்டாப்பை வீட்டிலேயே திறக்கிறோம். மூடி ஆன் செய்தால் எல்லாம் ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. உடனே பேட்டரி மேல்தான் பழி விழும். இன்னொரு பேட்டரிக்குப் பணம் கட்டும் முன், விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் பேட்டரி ரிப்போர்ட்டைப் பாருங்கள். இப்படி மக்கர் செய்த ஒரு லேப்டாப்பில் அதைச் சோதித்தேன்.

விண்டோஸ் 8 முதலே இந்த வசதி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என ஆங்கிலத்தில் அடித்தால், பிரவுசரில் திறக்கும் கோப்பு ஒன்று உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது 42,000, இரண்டாவது 20,000 என்றால் பேட்டரி பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. பேட்டரி பற்றிய விவரமே வராவிட்டால், மதர்போர்டில் அதன் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் சோதித்ததில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரி மேல் குற்றமில்லை.

அதற்கு மேல் ரிப்போர்ட் வாய் திறக்காது. சார்ஜர் பக்கக் கோளாறு அதில் தெரியாது. பெரிய குறை இதுதான்.

டெல், ஹெச்பி லேப்டாப்களின் உருளை முனை சார்ஜர்களில் நடுவே ஊசிபோல ஒரு பின் இருக்கும். அது மின்சாரம் கொண்டுபோவதற்கல்ல, சார்ஜரை அடையாளம் காட்டுவதற்கு. டெல் சார்ஜருக்குள் இருக்கும் சின்ன சிப், இது எத்தனை வாட் சார்ஜர் என்பதை அந்தப் பின் வழியே லேப்டாப்புக்குச் சொல்கிறது. தகவல் போய்ச் சேராவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது, பிராசசர் வேகமும் குறையும். மல்டிமீட்டரோ 19.5 வோல்ட் என்று சரியாகவே காட்டும். பலரும் ஏமாறும் இடம் இது.

இதைக் கண்டுபிடிக்க பயாஸுக்குள் போக வேண்டும். பல லேப்டாப்களில் சார்ஜரின் வாட் அளவு அங்கே தெரியும். இந்த லேப்டாப்பில் 'அன்னோன்' என்றிருந்தது. பின்மூடியைக் கழற்றினால், பவர் ஜாக் வயரின் வெள்ளை கனெக்டர் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கி நின்றது. ஃபேனைக் கழற்றும்போது வயர் இழுபட்டிருக்க வேண்டும். நேராக அழுத்தியதும் பயாஸில் 65 வாட் வந்தது, சார்ஜும் ஏறத் தொடங்கியது.

கை வைக்கும் முன் சார்ஜரை உருவி, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ நெம்பவோ கூடாது. வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சார்ஜ் 80 சதவீதத்தில் நின்றால் அது கோளாறே அல்லாமல், பேட்டரியைக் காக்கும் செட்டிங்காகவும் இருக்கலாம்.

பேட்டரியின் நலம் அறிய ரிப்போர்ட் அருமையான கருவி. ஆனால் பயாஸையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விடை கிடைக்கும். இரண்டிலும் பிடிபடவில்லை என்றால், இரண்டு திரைகளையும் படமெடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போங்கள். தேவையில்லாத பேட்டரியை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.