250 கிராமுக்குள் ஒரு வானம்

எஃப்பிவி ட்ரோன், அதாவது ட்ரோனின் கேமரா காண்பதைக் காகிள்ஸில் பார்த்தபடியே ஓட்டும் ட்ரோன், ஓட்ட ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ரெடிமேடாகத் தேடாதீர்கள், நீங்களே கட்டுங்கள். அதுவும் முதல் ட்ரோனையே கட்டுங்கள். "எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதே" என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. எனக்கும் தெரியாது, கட்டித்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தெரிந்துகொள்ளல் இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்து ட்ரோன் கட்டலாம் போல இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு வசதியும் கூடுதல். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. 2021 ட்ரோன் விதிகளோ, 250 கிராமுக்கு மிகாத 'நேனோ' வகைக்கு பைலட் உரிமம் கேட்பதில்லை. பிறகென்ன யோசனை? மூன்று இன்ச் புரொப்பல்லர் சுழலும் கார்பன் ஃபைபர் ஃபிரேம் ஒன்றை வாங்கி வேலையைத் தொடங்கிவிட்டேன். பேட்டரியோடு சேர்த்தும் 250-ஐத் தாண்டக் கூடாது என்று சமையலறைத் தராசில் ஒவ்வொரு திருகையும் நிறுத்தது தனி சந்தோஷம்.

பாகங்களின் பெயரெல்லாம் முதலில் மிரட்டும். பழகினால் எல்லாமே விளக்கமாகப் பேசும். மோட்டாரில் 1404 என்று இருந்தால், உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டம் 14 மில்லிமீட்டர், உயரம் 4. 3800 கேவி என்றால், பளு இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3800 சுற்று. நான்கு செல் பேட்டரியின் 14.8 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: 56,000 சுற்றுக்கு மேல்! கட்டைவிரல் நுனி அளவு மோட்டார் அது. புரொப்பல்லர் மாட்டினால் அவ்வளவு வராதுதான். ஆனாலும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சால்டரிங் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே புதுசு என்று புரிந்துகொண்டார். "தம்பி, லெட்-ஃப்ரீ இப்ப வேணாம். 63/37 எடுத்துக்குங்க. 183 டிகிரியில உருகிடும், கை சீக்கிரம் பழகும். ஃப்ளக்ஸை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க." பொன்னான வார்த்தை. ஃப்ளக்ஸ் தடவிய செம்புப் புள்ளியில் அயர்ன் நுனியை வைத்து ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். ஈயக் கம்பி தொட்டதும் சட்டென்று இளகும், புள்ளியின் ஓரம் வரை தானாகப் பரவும், அயர்னை எடுத்ததும் மினுமினுவென்று உறையும். மங்கலாக உருண்டு நின்றால் சூடு போதவில்லை என்று அர்த்தம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பற்றவைக்கும் இடம் மட்டும் பிடிவாதம் பிடிக்கும்; போர்டு முழுக்க ஓடும் செம்புத் தகடு சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அங்கே அகல நுனியும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். மோட்டார் ஒயர்களோ பரம சாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று, எதை எங்கே வைத்தாலும் சுற்றும். திசை மாறிச் சுற்றினால் மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம்.

முதன்முதலாக பேட்டரியைச் செருகும் நேரத்துக்கு ஓர் அருமையான உபாயம் இருக்கிறது. பைக்கின் பிரேக் லைட் பல்பு ஒன்றை பாசிட்டிவ் ஒயரில் தொடராக இணைத்துவிடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் போர்டு புகையாது, பல்பு பளிச்சென்று எரிந்து நிற்கும். மினுக்கென்று மின்னி அணைந்தால் எல்லாம் சுபம். எனக்கு மின்னி அணைந்தது. அடுத்த கணம் நான்கு மோட்டாரும் சேர்ந்து ஏறுவரிசையில் மூன்று ஸ்வரம் பாடின! அவற்றுக்குள் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. சுருள்களில் பாயும் மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுச் சில்லு வேகவேகமாக மாற்றிவிட, மோட்டாரே அதிர்ந்து ஒலிக்கிறது. நான் பற்றவைத்த இணைப்புகள் வழியாக அந்தச் சத்தம் வந்ததைக் கேட்டு வீட்டையே கூட்டிவிட்டேன்.

அப்புறம் ட்ரோனை இயக்கும் மென்பொருள், பீட்டாஃப்ளைட். இலவசம், திறந்த மூலம், உலகமெங்கும் ஆர்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது. இதன் மூதாதை மல்டிவீ. நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவியில் இருந்த கைரோஸ்கோப்பைக் கழற்றி ட்ரோனில் வைத்த ஆட்களின் கைவண்ணம் அது. கணினியில் இணைத்து, கையில் இருக்கும் ட்ரோனைச் சாய்த்தால் திரையில் இருக்கும் பொம்மை ட்ரோனும் அதே கோணத்தில் சாயும். எத்தனை முறை செய்தாலும் அலுக்காது! (புரொப்பல்லர்களை மேசையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதெல்லாம். வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு ஆன்டெனா மாட்டாமல் மின்சாரமும் கொடுக்கக் கூடாது, சூடேறிச் செத்துவிடும்.)

பறக்கவிட்டது எங்கள் ஊர் ஏரியில். கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் பொட்டல். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம், அதாவது 400 அடி வரை தாராளம். காகிள்ஸ் போட்டவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது என்பதால் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். அக்கா மகன் நின்றான். த்ராட்டிலைத் தள்ளினேன். அடேயப்பா! கண் மட்டும் என்னைவிட்டுக் கிளம்பிப் போனது. சீமைக்கருவேலங்களுக்கு மேலே ஏறி, மதகைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் கரையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறார். அது நான்! அக்ரோ மோடில் ஸ்டிக்கை விட்டாலும் ட்ரோன் தானாக நிமிராது, சாய்த்த சாய்விலேயே இருக்கும். அந்தச் சுதந்திரம் விரலுக்குப் பழகிவிட்டால் வேறெதுவும் பிடிக்காது. "மாமா, எனக்கு, எனக்கு!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் என்று திரை காட்டியதும் மனமில்லாமல் இறக்கினேன். லித்தியம் பேட்டரியை அதற்குக் கீழே வற்றவிடக் கூடாது.

விழாதா என்றால், விழும். எஃப்பிவியில் விழாமல் யாரும் பறப்பதில்லை. நாமே கட்டியது என்பதன் முழு அருமையும் தெரிவது அப்போதுதான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஃபிரேமின் ஒரு கை ஒடிந்தால் அந்தக் கையை மட்டும் மாற்றினால் போதும், மோட்டார் போனால் மூன்று இணைப்பு. யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், மறுநாளே பறக்கலாம்.

பணம் மொத்தமாகச் சேரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற தொடர்பு முறை உள்ள ரேடியோ, அதாவது கையில் பிடித்து ட்ரோனை இயக்கும் ரிமோட், ஒன்றை மட்டும் முதலில் வாங்குங்கள். யுஎஸ்பி வழியாகக் கணினியில் செருகினால் லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் மாதிரி சிமுலேட்டர்களில் இன்றைக்கே பறக்கலாம். அதே ரேடியோதான் நாளைக்கு நிஜ ட்ரோனுக்கும். மற்ற பாகங்கள் மாதத்துக்கு ஒன்றாக வந்து சேரட்டும், அதற்குள் விரல்கள் தயாராகிவிடும்.