பட்டறை வாசலில் ஒரு ட்ரயல்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைக் கதவுகளில் ‘டர்னர், ஃபிட்டர், வெல்டர் தேவை’ என்று அட்டை தொங்கும். மூன்று வேலையும் தெரிந்தவர் எதைச் சொல்லி உள்ளே போவார்? உள்நாட்டிலேயே செய்த முதல் மின்மோட்டார் 1937இல் பிறந்த ஊர் என்று பெயர் வாங்கியது கோவை. அங்கே எதைச் சொன்னாலும் பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, “ஒரு ட்ரயல் பாத்துக்கலாங்களா?” என்பார் முதலாளி.

லேத்தில் நாலு தாடைச் சக்கைக் காட்டி ஜாபை, அதாவது கடைய வேண்டிய துண்டைப் பிடிக்கச் சொல்வார்கள். கை பழகியவர் எடுத்ததும் டயல் கேஜைத் தேட மாட்டார். மெஷினை மெதுவாகச் சுற்றவிட்டு, சாக்பீஸை ஜாபுக்கு அருகே மெல்ல நீட்டுவார். தூக்கலாக இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும். எதிர்த் தாடையைக் கொஞ்சம் தளர்த்தி, வெள்ளை விழுந்த பக்கத்தை இறுக்குவார். மறுபடி சுற்று, மறுபடி சாக்பீஸ். கோடு முழு வட்டமாக விழுந்தால் ஜாப் ஏறக்குறைய சென்டருக்கு வந்துவிட்டது. மிச்சத்துக்குத்தான் டயல். பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு அழகு.

வெல்டிங்கைச் சோதிக்க இவ்வளவு நேரம் ஆகாது. ஸ்லாக்கைத் தட்டிவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாம் தெரிந்தவருக்கு எதுவும் உருப்படியாகத் தெரியாது என்ற பேச்சு எனக்கு ஒப்பாது. தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு வெல்டிங் வைத்தால் சூட்டில் வளையும். அதை அறிந்த டர்னர் முன்கூட்டியே கடைசலுக்கு மெட்டீரியல் விட்டுவைப்பார். சம்பளப் பேச்சில் மட்டும் முதலாளிக்கு மற்ற இரண்டு வேலையும் மறந்துபோகும். டர்னர் ரேட்டில்தான் ஆரம்பிப்பார்.