வெயில் படாத சாமி

பெரிய வெள்ளியன்று பிக்கட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் சிலுவைப்பாதை போவோம். லைன் வீட்டுல ஆரம்பிச்சு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏறணும். மரத்துக்கு மரம் ஒரு படம், மொத்தம் 14 நிலை. முடிவில் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்வோம். ஒரு வருசம் அம்மா முத்தி செஞ்சிட்டு வந்து காதுல கேட்டுச்சு: "ஏண்டி, தச்சன்னு சொல்றாங்க, கையைப் பாரு. வெயில்ல வேலை செஞ்ச கையா அது?"

எம்.ஏ.வில் அழகியல் என்று நிறையவே படித்தேன். அம்மாவின் கேள்வி அதில் எங்கேயும் வரவில்லை.

சிலுவை அடிமைக்குரிய தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் கலகத்தை நசுக்கிய ரோமானியர்கள், பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாக அறைந்து தொங்கவிட்டார்கள். கொல்வது மட்டும் நோக்கமென்றால் ஒரு வாள் போதும். ஊரே பார்க்க வேண்டும், பார்க்கிறவன் அடங்க வேண்டும். 1997இல் மேலவளவில் பட்டப்பகலில் பேருந்தை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட 6 பேரை வெட்டினார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

ஆதிக் கிறிஸ்தவர்களுக்கே இதைப் படமாக வரையக் கூச்சம் இருந்தது. ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் மேய்ப்பனையும் மீனையும் நங்கூரத்தையும் வரைந்தார்கள். சிலுவையில் அறையப்பட்டவனைக் காட்டும் மிகப் பழைய கீறல்களில் ஒன்று பாலட்டைன் குன்றுச் சுவரில் கிடைத்தது. அது கேலிப்படம்! கழுதைத் தலையோடு ஒருவன் தொங்குகிறான், கீழே ஒரு பக்தன் கும்பிடுகிறான். பேரரசே மதம் மாறிய பிறகு, ஏறக்குறைய கி.பி. 430இல், சாந்தா சபினா கோயிலின் மரக்கதவில் இயேசு கண் திறந்து, கை விரித்து, வலியில்லாமல் நிற்கிறார். பின்னால் சிலுவை அவ்வளவாகத் தெரியவே இல்லை. சிலுவை பொன்னாக ஆக, அதில் தொங்கிய அடிமை காணாமல் போனான்.

ஒருவர் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஜெர்மானிய ஓவியர் குருனேவால்ட், 1512க்கும் 1516க்கும் இடையில், ஐசன்ஹைம் மடத்துக்காக வரைந்தார். கெட்டுப்போன கம்பு தானியத்தைத் தின்று தோல் எரிந்து, கைகால் அழுகிய ஏழைகளுக்கு அந்த மடத்தில்தான் வைத்தியம். அவர் வரைந்த உடம்பு முழுக்கப் புண், தைத்து ஒடிந்த முள், ஆணி இறங்கிய வலியில் விறைத்த விரல்கள். அச்சுப்படத்தை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது நம்மாளு" என்றது.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். தலித் இறையியலைத் தொடங்கிவைத்த அர்விந்த் நிர்மல், இயேசுவின் தலித் தன்மை சிலுவையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது என்று வாதிட்டார். சரிதான். ஆனால் நம்மவன் என்பதற்குப் புண் ஒன்றே அடையாளமாகிவிட்டால், பிரசங்கியாருக்கு வேலை சுலபம். "அவரே பொறுத்தாரு, நீயும் பொறு." வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர். பீடம் மட்டும் பொது. 1910 வரை இரண்டு பக்கத்தாரும் ஒரே சிலுவையைப் பார்த்துத்தான் முழங்கால் போட்டார்கள். அந்தச் சிலுவை யாரையும் உறுத்தவில்லையே, ஏன்? அதில் வலி இருந்தது, கொன்றவன் இல்லை.

கொன்றவனும் சிலுவைப்பாதையில் இருக்கிறான். முதல் நிலையே பிலாத்து தீர்ப்பிடுவது. அவன் ரோம அரசின் ஆளுநர். பழியை யூதர்கள் தலையில் கட்டிவிட்டு, அரசைக் கை கழுவ விட்டது திருச்சபை. நாங்களும் அந்த நிலையில் ஒரு செபம் சொல்லிவிட்டு, அழுவதற்கு வசதியான நிலைகளைத் தேடி மேலே ஏறிக்கொண்டிருந்தோம்.

போன பெரிய வெள்ளிக்கு லைன் பிள்ளைகளே படம் வரைந்தார்கள். இயேசு கறுப்பு, விரலெல்லாம் கொழுந்துக் கறை. பிலாத்துக்கு ஒரு நாற்காலி, மேசை, பேனா. அந்த மரத்தடியிலேயே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். 14ஆம் நிலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.