ரெயிலர் பிறேக்கும் ஒரு திசைகாட்டியும்

வண்டியை நிறுத்தும் வித்தை வண்டிக்காரனின் நாவிலும் நாணயக்கயிற்றிலும் இருந்த காலத்தையும், பின்னர் லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் வந்து, அதன் பெட்டியின் முன்பலகையில் அமர்ந்திருப்பவன் காலால் மிதிக்கும் இரும்புக் கட்டைக்கு அவ்வித்தை இடம்பெயர்ந்த காலத்தையும் கண்டவன் நான். பாரம் ஏற்றிய ரெயிலரை மின்சாரத்தினாலேயே நிறுத்தலாம் என்பது, மெல்பேணிலிருந்து என் தமக்கை மகன் கப்பலேற்றி அனுப்பிய இரட்டைச் சக்கர ரெயிலர் வந்தாறுமூலையில் என் வாசலுக்கு வந்து சேரும்வரை, எனக்கு ஒரு வதந்தியாகவே இருந்தது.

அவுஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிறேக்கும், கொளுக்கி கழன்றால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். அமெரிக்காவில் 1927இல் ஆதர் வார்னர் என்பவர் மின்சாரப் பிறேக்குகளைச் செய்வதற்கென்றே ஒரு கம்பெனியை ஆரம்பித்தார் என்பதால், புதுமை எனக்குத்தானே தவிர உலகத்துக்கு அல்ல. சக்கரத்தின் ட்றம்முக்குள்ளே ஒரு கையின் நுனியில் மின்காந்தம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் ட்றம்மின் உட்புறத்தில் ஒட்டி, அதனோடு சிறிது இழுபட்டு, அந்த இழுப்பினால் கையைத் திருப்பி, பிறேக் சூக்களை விரித்து ட்றம்மோடு அழுத்துகிறது. ஓடுகிற வண்டியின் சக்தியே வண்டியை நிறுத்துகிறது. மின்சாரம் செய்வது ஆரம்பித்து வைக்கும் காரியம் மாத்திரமே.

இதனை ஆளும் கருவி சாரதிக்கு முன்னால் பொருத்தப்படுவது. எமக்குக் கிடைத்தது தெக்கோன்ஷா புரோடிஜி பி3. இவ்வகையிற் பழைய கருவிகள், பிறேக் விளக்கு எரிந்த கணத்திலிருந்து காலத்தை எண்ணிப் படிப்படியாக மின்சாரத்தைக் கூட்டுவன. இதுவோ வாகனத்தின் வேகம் எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப அனுப்புவது. மெல்ல மிதித்தால் மெல்ல, ஓங்கி மிதித்தால் ஓங்கி, என்ற இந்த விவேகத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. காலால் மிதியாமல், ரெயிலரின் பிறேக்கை மாத்திரம் கையால் இயக்கிப் பார்ப்பதற்கும் அதில் வசதி உண்டு; பழுது பார்ப்பவனுக்கு அதைவிட மேலான உபகாரம் இல்லை.

நெல் மூடைகளை ஏற்றி, டபுள்கேப்பில் கொளுவி, கிழக்குப் பல்கலைக்கழக வாசலிலிருந்து செங்கலடிப் பக்கமாக 30 கிலோமீற்றர் வேகத்தில் போய்க் கையால் இயக்கியபோது, திரையில் எண் கம்பீரமாக ஏறியது. ரெயிலரோ அதைச் சற்றும் பொருட்படுத்தாமல் பின்னாலிருந்து எங்களை நெட்டித் தள்ளியது. இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவான எல்லை இதுதான்: திரை காட்டுவது அனுப்பிய வோல்ற்றையே அன்றிச் சேர்ந்த வோல்ற்றை அல்ல. குளத்துத் துருசைத் திறந்துவிட்டேன் என்று வட்டவிதானையார் சொல்வது சத்தியமாகவே இருக்கலாம். வாய்க்காலின் கடைக்கோடி வயலில் நிற்பவனிடம் கேட்டால் அல்லவா தண்ணீரின் கதை தெரியும்! வயர் முற்றாக அறுந்தாலோ ஒன்றோடொன்று முட்டினாலோ கருவி அறிவித்துவிடும். பாதி செத்த இணைப்பு அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பழுது பார்க்க வந்த தம்பி, நான் புவியியல் கற்பித்த நாட்களில் வைத்திருந்த திசைகாட்டியை வாங்கிச் சக்கரத்தருகே பிடிக்க, நான் உள்ளிருந்து இயக்கினேன். காந்தம் உயிரோடிருந்தால் முள் துள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சோம்பலாக அசைந்தது. "சேர், கறண்ட் போகுது, ஆனா வேலைக்குப் போகல்ல," என்றான் அவன்; பௌதிகப் பாடநூல் ஒன்றும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கருவியிலிருந்து வரும் மின்சாரம் துண்டு துண்டாக வருவதாகையால் சாதாரண மீற்றர் அதில் ஏமாறும். எனவே பற்றரியிலிருந்து நேராகவே பிறேக் வயருக்குக் கொடுத்தோம். காந்தத்தைக் கழற்றி வைத்து அளந்தால் 12 வோல்ற்று. காந்தத்தோடு இணைத்து அளந்தால் 7. மீற்றர் இழுக்கும் அற்ப மின்சாரத்தைத் துருப்பிடித்த இணைப்பும் கடத்திவிடும், ஏறத்தாழ 3.2 ஓம் தடையுள்ள காந்தம் பசியோடு கேட்கும்போதுதான் அதன் வேஷம் கலைகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 7 அம்பியர் அளவில் ஓட வேண்டியது, 4ஐச் சற்றே தாண்டி நின்றது. பற்றரியின் எதிர்முனையிலிருந்து தடித்த வயர் ஒன்றை நேராக அச்சோடு தொடுத்ததும் முள் துள்ளியது. சட்டத்தில் ஆணியிட்டிருந்த வெள்ளை ஏர்த் வயரின் நுனி, வாவிக்காற்றின் உப்பினால் பச்சை மாவாகியிருந்தது. சுரண்டி, புது நுனி வைத்து, கிறீஸ் பூசினோம்.

ஆயினும் வண்டி இடப்பக்கமே இழுத்தது. வலப்பக்கத்திலும் முள் துள்ளுகிறது, சக்கரமோ பிடிப்பதில்லை என்றால், குற்றம் மின்சாரத்துடையதாக இருக்க முடியாது. ட்றம்மைக் கழற்றினால், கசிந்த சீலின் வழியாக வந்த கிறீஸில் லைனிங் ஊறிக் கிடந்தது. ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பவர்களை நம்ப வேண்டாம்; மட்டக்களப்பில் இருபக்கச் சூக்களுக்கும் புது லைனிங் அடிப்பித்தோம், ஒரு பக்கத்துக்கு மாத்திரம் மாற்றினால் அந்த இழுப்பு வேறு வடிவில் திரும்பும் என்பதால். கொளுக்கிக் கம்பியை உருவிப் பார்த்தபோது சக்கரங்கள் இறுகிக்கொண்டன. கொளுக்கி கழன்றால் பிறேக்கைப் பிடிக்கவைக்கும் அந்தச் சிறு பற்றரியாவது யோக்கியமாக இருந்தது.

சமதரையான எங்கள் வீதியில் இத்தனை சம்பிரமம் அதிகம் என்றே நினைத்திருந்தேன். செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதியில் மலையேறி, லுணுகலைப் பக்கத்திலிருந்து பாரத்தோடு இறங்கி வந்தபின் அந்த அபிப்பிராயத்தை வாபஸ் பெற்றேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கருவி நல்லது, ஆனால் வெள்ளை வயரை மாதம் ஒருமுறை பார்க்க மனமில்லாதவர்கள் லேண்ட்மாஸ்டர் கட்டையையே மிதித்துக்கொண்டிருக்கலாம். திசைகாட்டி இப்போது அந்தத் தம்பியின் ஆயுதப் பெட்டியில் இருக்கிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன்.