அமைதியான கணிப்பொறி: பெட்டியில் அச்சிட்டதும் அறையில் கேட்பதும்

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ மின்சார ரயிலேறி, ரிச்சி தெருவுக்குச் சென்று, பாகம் பாகமாக வாங்கித் தமக்கென ஒரு கணிப்பொறியை அமைத்துக்கொள்ளும் மாணவர்கள் பலர். செயலி எது, நினைவகம் எவ்வளவு என்பதைப் பல நாள் யோசிக்கும் இவர்கள், கூட்டையும் மின்வழங்கியையும், அதாவது கடைத்தெரு மொழியில் கேபினெட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும், கடைசி ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள். இரவில் பொத்தானை அமுக்கிய பிறகுதான் சங்கடம் தெரியவரும். பாட்டி உறங்கும் அதே அறையில் பேரன் படிக்க வேண்டிய சிறு வீடுகளில் இந்த இரைச்சல் சிறிய குறையன்று.

இதை அறிந்த உற்பத்தியாளர்கள் ‘அமைதியானது’ என்று அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்தச் சொல் நம் ஊருக்குப் பொருந்துமா? அதையே இங்குச் சோதித்துப் பார்ப்போம்.

கணிப்பொறியின் ஓசையில் பெரும்பங்கு மின்விசிறிகளுடையது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் ஏறக்குறைய பாதியாகும். ஓசையோ சுமார் 15 டெசிபெல் குறையும். ஒரே அளவு ஓசை தரும் இரண்டு விசிறிகளைச் சேர்த்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஆகவே வேகமாகச் சுழலும் ஒரு விசிறிக்குப் பதிலாக, பாதி வேகத்தில் இரண்டைச் சுழலவிட்டால், அதே அளவு காற்று கிடைக்கும். ஓசை 12 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும். பெரிய விசிறி, மெதுவான சுழற்சி என்பதே அமைதியின் முதல் விதி.

இனி வெப்பநிலையைப் பாருங்கள். செயலியை 70 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று கொள்வோம். அறை 23 டிகிரியில் இருந்தால் இடைவெளி 47 டிகிரி. அக்கினி நட்சத்திர நாட்களில் மாடி அறை 35 டிகிரியில் இருந்தால் இடைவெளியும் 35 டிகிரிதான். அதே வெப்பத்தை வெளியேற்ற, தோராயமாக மூன்றில் ஒரு பங்கு அதிகக் காற்று வேண்டும். மேற்சொன்ன விதிப்படி ஓசை சுமார் 6 டெசிபெல் ஏறும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. குளிர்ந்த ஆய்வுக்கூடத்தில் அளந்த டெசிபெல் கணக்கு இத்தகைய ஊரில் அப்படியே செல்லுபடியாகாது.

கூடுகளுக்கு வருவோம். 2005இல் ஆன்டெக் நிறுவனம் வெளியிட்ட பி180 கூட்டின் வடிவமைப்பில் கனடாவைச் சேர்ந்த மைக் சின் பங்கேற்றார். மின்வழங்கியைக் கீழே தனி அறையில் வைத்தது அதன் சிறப்பு. செயலியின் சூடு மின்வழங்கியைத் தாக்காததால் அதன் விசிறி மெதுவாகச் சுழன்றால் போதும். வெப்பத்தைப் பிரித்து ஓசையைக் குறைத்த இம்முறை பாராட்டத்தக்கது. சுவீடனின் ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் வரிசைக் கூடுகளோ, மூடிய முன்கதவையும் ஒலியடக்கும் உட்பூச்சையும் நம்பின. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட மெஷிஃபை சி கூட்டின் முன்பக்கம் முழுவதும் வலை. உட்பூச்சு கிரீச்சிடும் ஓசையை ஓரளவு அடக்கும். தாழ்ந்த உறுமலை அடக்குவது அதற்குக் கடினம். மூடிய கதவு காற்றையும் தடுக்கும். குளிர்நாட்டில் இது நல்ல பேரமாகலாம். குளிர்சாதனமில்லாத தாம்பரத்து அறையில், மூச்சுத் திணறும் விசிறிகள் வேகமெடுத்து, பூச்சு சேமித்த டெசிபெல்லைத் திருப்பித் தந்துவிடும். முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்து, வண்ண விளக்குகளைப் பதித்த கூடுகள் இன்னும் மோசம். அவை கண்ணுக்குத்தான் விருந்து.

மின்வழங்கியின் மீதுள்ள 80 பிளஸ் முத்திரையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2004இல் தொடங்கிய இத்திட்டம் மின்மாற்றத் திறனை அளக்கிறது. அதுவும் ஏறக்குறைய 23 டிகிரியில். ஓசையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எனினும் மறைமுகமான பயன் உண்டு. கணிப்பொறிக்கு 300 வாட் தேவை என்றால், 80 விழுக்காட்டுத் திறனுள்ள மின்வழங்கி 375 வாட் இழுத்து 75 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 90 விழுக்காட்டுத் திறனுள்ளது வீணாக்குவது 33 வாட்தான். வெப்பம் குறைந்தால் விசிறிக்கும் வேலை குறையும். ஓசைக்கென்றே சைபெனெட்டிக்ஸ் நிறுவனம் ‘லாம்டா’ என்ற தனித் தரவரிசை தருகிறது. வாங்குவோர் அதையும் பார்ப்பது நல்லது.

கூட்டோடு ‘இலவசமாக’ வரும் மின்வழங்கியிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. மேலே 450 வாட் என்றிருக்கும். பக்கத்துச் சீட்டில் 12 வோல்ட் வரிசைக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். இன்றைய செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் நம்பியுள்ளன. இரைச்சல் போகட்டும்; தரமற்ற மின்வழங்கி பழுதானால் தாய்ப்பலகையையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். மிச்சம் பிடித்த பணம் அதோடு போயிற்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வகுத்த எல்லை 45 டெசிபெல். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் வீட்டில், 20 டெசிபெல் கணிப்பொறிக்கும் 25 டெசிபெல் கணிப்பொறிக்கும் வேறுபாடு கேட்காது. மின்விசிறியை நிறுத்திவிட்ட மார்கழி இரவில் கேட்கலாம். ஆனால் அப்போது அறையே குளிர்ந்திருப்பதால் விசிறிகள் தாமே அடங்கிவிடும். கடைசி ஐந்து டெசிபெல்லுக்காக ஆயிரக்கணக்கில் செலவிடுவது வீண்.

ஆகவே நம் ஊருக்கான வரிசை இது: வலை முகப்பும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கூடு, 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு, மூன்று, 40 அல்லது 50 டிகிரியில் முழுத்திறன் தருவதாக உறுதி கூறப்பட்ட, தேவையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வாட் கொண்ட மின்வழங்கி. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள். அடுத்த முறை கடைக்காரர் ‘அமைதியானது’ என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தால், “எத்தனை டிகிரி வெப்பத்தில்?” என்று கேளுங்கள்.