திரையரங்கும் தலைமுறையும்: கொக்கிளாயை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ்ச் சினிமாவின் சமூகப் பங்கினை ஆராய்வோர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் கருத்தொன்றைத் தவறாது எடுத்துக்காட்டுவர். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதலாவது இடம் திரையரங்கே என்றும், அங்கு ஆசனத்தைத் தீர்மானித்தது குலமன்று, கொடுக்கும் பணமே என்றும் 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் அவர் நிறுவினார். சாதியையும் வர்க்கத்தையும் அளவுகோலாகக் கொண்ட இக்கருத்து, வயது என்னும் அளவுகோலுக்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கும் என்பது ஆராயத்தக்கது.

வயது பற்றி மேனாட்டு அனுபவம் ஒரு வாய்பாட்டினைத் தந்துள்ளது. தொலைக்காட்சி பரவ, முதியோர் வீட்டில் தங்கினர்; இளைஞரே அரங்கில் எஞ்சினர் என்பதே அது. பிரித்தானியாவில் 1946இல் 163 கோடியாயிருந்த பார்வையாளர் வருகை 1984இல் ஏறத்தாழ 5 கோடியாகச் சுருங்கியது. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் அறிமுகமாயிற்று. ரூபவாகினி 1982இல் தொடங்கிற்று. இவ்வாய்பாட்டின்படி, எண்பதுகளில் வன்னியின் அரங்குகளை இளைஞரே நிறைத்திருத்தல் வேண்டும்.

ஆனால் வரலாறு வாய்பாட்டிற்கு அடங்கவில்லை. அதே 1984இன் டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கிராமங்களின் தமிழ் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கடலும் களப்பும் சோறிட்ட மக்கள் அகதிகளாயினர். வாடியமைத்துத் தொழில்புரியும் மீனவர் வாழ்வைக் காட்டிய 'வாடைக்காற்று' 1978இல் திரைக்கு வந்து ஆறாண்டுகளே கழிந்திருந்தன. 1984இல் இருபது வயதினராயிருந்த ஒருவர், போர் முடிந்த 2009இல் நாற்பத்தைந்து வயதினர். மேனாட்டு வாய்பாடு திரையரங்கிற்கு உரியதெனக் கூறும் பருவம் முழுவதும் அவருக்கு இடப்பெயர்விலேயே கழிந்தது.

இதனாற் படம் பார்த்தல் அற்றுப்போயிற்று என்பது பொருளன்று. தொண்ணூறுகளின் வன்னியில், பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய காலத்தில், மின்பிறப்பாக்கியின் துணையோடு ஒளிநாடாக்கள் காட்டப்பட்டன. நிதர்சனத்தின் படங்களும் இவ்வாறே மக்களைச் சென்றடைந்தன. அக்காட்சிகளிற் கூடியோரை நுழைவுச்சீட்டுக் கணக்கில் தேடுவது வீண். அவர்களை விட்டுவிட்டு, 'வயதேறியோர் சினிமாவைக் கைவிட்டனர்' என முடிவுகட்டுவது அதனினும் பிழை. அவர்கள் திரையரங்கைக் கைவிடவில்லை. திரையரங்கிற்குச் செல்லும் வாழ்வு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

எனவே, இத்தகைய மண்ணில் வயது என்பது வெறும் உயிரியல் அளவன்று. வரலாற்றின் எந்தப் புள்ளியில் ஒருவர் பிறந்தார் என்பதன் குறியீடாகும். முதியோர்க்குத் திரையரங்கு நினைவு; நடுவயதினர்க்கு ஒளிநாடா; மீள்குடியேற்றத்தின் பின் வளர்ந்தோர்க்குக் கைபேசி. இவ்வேறுபாட்டை ரசனையின் ஏற்றத்தாழ்வாகக் கொண்டு இளையோரைப் பழிப்பது விமர்சனமாகாது. சிவத்தம்பியின் 'ஒரே கூரை' இன்றும் பயனுள்ள கருத்தே. ஆயினும் கூரையின்கீழ் யார் எங்கே அமர்ந்தனர் என வினவுமுன், கூரை நிலைத்ததா, அதன்கீழ் வந்தமர மக்கள் ஊரில் இருந்தனரா என்ற வினாக்களை எழுப்புதல் ஈழத்துத் திரைப்பட ஆய்வின் முதற் கடமையாகும்.