பல்கலைக்கழகமும் கரைவாழ் மக்களும்

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த மீனவர் குடியிருப்பு ஒன்றிலே, இரவு கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்த வேளையில், நாட்டின் வேறொரு பகுதியிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் மாணவர் முப்பது பேரளவில் பேருந்திலே வந்து இறங்கினர். ஒரே நிறச் சட்டை, மார்பிலே பெயரட்டை, கையிலே அச்சிட்ட வினாக்கொத்து. அவர்களது பாடத்திட்டத்திலே சமூகப் பணியினூடாகக் கற்றல் என்றோர் அலகு உண்டு. உள்ளூர்ச் சங்கமொன்றுடன் சேர்ந்து பணியாற்ற வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். அதற்குப் புள்ளி வழங்கப்படும்.

வந்தவர்களுள் ஒருத்தி என்னிடம் தமிழ் படித்தவள். அந்தக் கரையிலேயே பிறந்தவள். தன் தாய்மாமன் முறையான ஒருவர் முன்னே குந்தியிருந்து, வினாக்கொத்தின்படி, "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டாள்.

"எந்த மாதத்து வருமானம், பிள்ளை? இந்த மாதமா, வாடைக்காலத்து மாதமா?" என்றார் அவர்.

தாளிலே ஒரேயொரு கட்டந்தான் இருந்தது. அவள் சிறிது தயங்கினாள். பிறகு ஏதோ ஓர் எண்ணை எழுதினாள். வாடை தொடங்கிவிட்டால் கீழைக்கரையிலே மாதக்கணக்கில் அடுப்பெரிவது கடனால் என்பது அவளுக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும் எழுத இடமிருக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் முன்னே பதாகையைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு எல்லோரும் புறப்பட்டனர்.

இம்மாணவரை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. அவர்களுட் பலர் ஏழை எளியோரின் பிள்ளைகளே. ஆராய வேண்டியது அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட கருவியை. அதன் பின்னால் நிற்கும் கருத்தை. அந்த வினாக்கொத்தை நான் முழுவதும் வாசித்தேன். சேமிப்புப் பழக்கம் உண்டா, மதுப் பழக்கம் உண்டா, கைகழுவும் பழக்கம் உண்டா என்று எத்தனையோ வினாக்கள். மண்ணெண்ணெய் பற்றி ஒரு வினாவுமில்லை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. சிறு படகுகளின் இயந்திரம் ஓடுவது அதனாலேதான். அவ்வாண்டிலே எண்ணெய்க்காக வரிசையில் நின்ற அதே மக்கள், விரிகுடாவின் அப்புறத்தே சீனக்குடாவில், பிரித்தானியக் கடற்படைக்கென எழுப்பப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள் நிற்பதை நாளும் அறிவர். மொத்தம் 99. அதே 2022ஆம் ஆண்டு சனவரியிலே கைச்சாத்தான ஒப்பந்தங்களின்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு. 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. எஞ்சிய 61 இரண்டும் கூடிய ஒரு நிறுவனத்துக்கு. வறுமையின் காரணத்தை வறியவனின் பழக்கவழக்கங்களிலே தேடும் ஆய்வு, அவன் கண்ணெதிரே நிற்கும் தாங்கிகளைக் காண்பதில்லை.

இக்கல்விமுறைக்கு இன்று வழங்கும் பெயர் அமெரிக்காவிலே 1960களில் றொபேட் சிக்மன், வில்லியம் றாம்சி என்போரால் புழக்கத்துக்கு வந்தது. அதே காலத்தில், 1968ஆம் ஆண்டிலே, மெக்சிக்கோவின் குவேர்ணவாக்காவில் இவான் இலிச் என்ற சிந்தனையாளர், கோடை விடுமுறையிலே கிராமத்தவர்க்குத் தொண்டு செய்யவந்த அமெரிக்க மாணவரை முகத்துக்கு நேரே கடிந்துரைத்தார். கற்பதற்கு வாருங்கள், உதவுவதற்கென்று வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். கடுமையான கூற்றுத்தான். ஆயினும் பதாகையுடன் வந்திறங்கும் கூட்டத்தைப் பார்க்கும்தோறும் அது நினைவுக்கு வருகின்றது.

பெயர் புதிதேயன்றி முயற்சி நமக்குப் புதிதன்று. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை, ஒதுக்கப்பட்ட ரொடிய மக்கள் வாழ்ந்த கனத்தொளுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து முளைத்தது. இந்தியாவிலே 1969 செப்ரெம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவருடன், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலே அதனாற் கிராமங்கண்ட மாணவர் ஏராளம், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அளவுகோல் ஆண்டுக்கு 120 மணித்தியாலம் என்பது. அளக்கப்படுவது மாணவன் செலவிட்ட நேரம். குளம் தூர்ந்தே கிடந்தாலும் நேரம் நிறைந்தால் கணக்கு முடிந்துவிடும்.

திருகோணமலையார் மறக்கக்கூடாத ஒருவர் உளர். இந்நகரின் இந்துக் கல்லூரியை வளர்த்த விபுலாநந்த அடிகள், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோது, மாலை வேளைகளிலே அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ளோர்க்குக் கற்பித்தார். பேராசிரியர் தாமே நடந்து போனார். மாணவரை அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. சாதிக் கட்டுப்பாடு இறுகிக்கிடந்த காலம் அது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் இவ்விடயத்திலே நாம் மிகுதியாகக் கற்கக்கூடியது கூத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1960களிற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என அவை தொடர்ந்தன. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். பட்டம் பெறாத கிராமத்தவர் ஒருவர் பல்கலைக்கழகத்திலே ஆசானாக நின்றார். படித்த பிள்ளைகள் அவர் முன்னே காலெடுத்து வைக்கத் தெரியாமற் தடுமாறினர். கற்பித்தலின் திசை மாறிய அந்தக் கணம் நம் கல்வி வரலாற்றிலே பெரியது. கூத்தை நாட்டுப்புறத்தானின் ஆட்டமென்று இகழ்ந்த படித்தவர் கூட்டம் வாயடைத்தது அதன் பின்னரே.

ஆனால் முழுதும் புகழ்ந்து அமைய முடியவில்லை. விடியவிடிய வட்டக்களரியிலே ஊரார் சூழ ஆடப்பட்ட கூத்து, சில மணிக்குள் அடங்கி, ஒருபுறந் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏறியது. நகரத்தார் கண்டு மகிழ்ந்தனர். கிராமத்துக்குத் திரும்பியது என்ன? இவ்வினாவைப் பிற்காலத்திலே கூர்மையாக எழுப்பியவர் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கர். மட்டக்களப்புச் சீலாமுனையிலே அவரும் அவரைச் சூழ்ந்த மாணவரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கத்திலே, கூத்தர் தம் களரியிலேயே நின்றனர். பழைய ஏட்டில் உள்ள சாதி இழிவையும் பெண் இழிவையும் என்செய்வது என்று ஊரவரும் மாணவரும் கூடியிருந்து வாதிட்டனர். கிராமம் ஆய்வுப் பொருளாகக் கிடக்கவில்லை. ஆய்வாளராக எழுந்து நின்றது. இதற்குப் பிடித்தது ஆண்டுக்கணக்கு. அரையாண்டுத் தவணைக்குள் அடங்கும் வேலையன்று அது. அண்ணாவியாரைத் தந்த வந்தாறுமூலையிலேயே இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது என்பதை என் மாணவர்க்கு நான் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. முதலில் ஊர் பல்கலைக்கழகத்துக்குக் கற்பித்தது. பிறகுதான் பல்கலைக்கழகம் ஊருக்கு வந்தது.

'சேவை' என்ற சொல்லையே நான் ஐயுறுகின்றேன். 1945 ஒக்டோபர் முதலாக இந்நாட்டிலே இலவசக் கல்வி நடைபெறுகின்றது. இலவசம் என்றால் யாரும் பணங்கொடுக்கவில்லை என்பது பொருளன்று. கரையிலே சீனியும் மாவும் வாங்குகின்றவன் செலுத்தும் வரியிலே அந்த முப்பது பேரின் விரிவுரை மண்டபமும் விடுதியும் நிற்கின்றன. கடன்பட்டவன் கடன்காரனின் வீட்டுக்கு வந்து, சிறிது திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடையென்று படமெடுத்துக் கொள்வதை எப்படி அழைப்பது?

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி ஊரைக் கொண்டுபோன பின்னர் உப்பேறிய கிணறுகளை இறைத்த இளைஞரை நான் பதின்பருவத்திலே கண்டேன். அவர்கட்கு யாரும் புள்ளி இடவில்லை. ஆனால் எதை இறைப்பதென்று கிணற்றுக்கு உரியவர்களே சொன்னார்கள். சங்கத்தின் செயலாளரிடம், வருகின்ற மாணவர் என்ன செய்தால் உங்களுக்குப் பயன்படும் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சற்றும் யோசிக்கவில்லை. "எங்கட எண்ணெய்க் கணக்கை ஒழுங்காய் எழுதித் தரவேணும் சேர். கொழும்புக்குப் போற கடிதத்தைச் சிங்களத்தில எழுதித் தரவேணும். அவ்வளவுதான்." இரண்டுமே பல்கலைக்கழக மாணவரால் இயலும் வேலை. இரண்டுமே யாருடைய பாடத்திட்டத்திலும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு மார்கழியிலே, விடுமுறைக்கு வந்த என் பழைய மாணவி, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மூவரைச் சேர்த்துக்கொண்டு சங்கத்திலே உட்கார்ந்தாள். வாடைக்காலம், ஆண்கள் கரையிலே இருந்தனர், பேசுவதற்கு நேரமிருந்தது. கடலுக்குப் போன நாட்கள், செலவான லீற்றர், விற்ற மீன், பட்ட கடன் என நான்கு நிரல்கள் வரைந்தனர். மாதத்துக்கு ஒரு பக்கம், பன்னிரண்டு பக்கம். கடிதமும் சிங்களத்திலே போயிற்று. பெற்றுக்கொண்டோம் என்ற ஒருவரிப் பதில் வந்தது. அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. செயலாளர் இரண்டாவது கடிதம் எழுதச் சொல்லியிருக்கின்றார். இம்முறை கணக்கின் பிரதியையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். பிரதி எடுக்கக் கொப்பியை என்னிடம் தந்திருக்கின்றார்கள். சென்ற மாதத்துப் பக்கத்திலே இரண்டு வீட்டாரின் நிரல் வெறுமையாக இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.